நம் உலகமா, எங்கள் உலகமா? : மன்சனார்ப் பள்ளி ஆண்டு மலர் பற்றிய ஓர் ஆய்வு

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா மலைத்தொடரின் கீழ்ப்புறத்தே, ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் அமைந்திருந்தது மன்சனார் முகாம். அம்முகாமின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 1943-44ஆம் கல்வியாண்டிற்கென ஓர் ஆண்டு மலர் வெளியிட்டனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘ஔவர் வேர்ல்டு’ என்பதாகும். இரண்டே சொற்களாலான இத்தலைப்பைத் தமிழிற் பெயர்க்கப் புகுவார்க்கு முதற்சொல்லிலேயே இடர்ப்பாடு நேரும். ‘நம் உலகம்’ என்பதா? ‘எங்கள் உலகம்’ என்பதா? ஆங்கிலம் இவ்விரண்டையும் ஒரு சொல்லாலேயே உணர்த்தி அமையும். தமிழ் அங்ஙனம் அமையாது. கேட்போனைத் தன்னொடு சேர்த்துக் கூறுகின்றானா, விலக்கிக் கூறுகின்றானா என்பதைத் தமிழில் வாய் திறந்த அளவிலேயே ஒருவன் முடிவு செய்தாக வேண்டும்.

தன்மைப் பன்மையில் உளப்பாடு என்னும் இப்பாகுபாட்டைத் தொல்காப்பிய உரையாசிரியர்கள் நுணுகி ஆராய்ந்துள்ளனர். அம், ஆம் என்னும் ஈறுகள் முன்னின்றாரை உளப்படுத்தும் என்றும், எம், ஏம் என்பன படர்க்கையாரை உளப்படுத்தும் என்றும் அவர்கள் பகுத்துரைப்பர். தமிழ் மாணவர்க்கு இஃது இலக்கண வகுப்பின் முதற்பாடங்களுள் ஒன்று. ஆயின், ஒரு நாட்டின் குடிமக்கள் பல்லாயிரவர்க்கு இப்பாகுபாடு வாழ்வின் வினாவாகவே நின்ற காலம் ஒன்று உண்டு. அக்காலத்தில், அவ்விடத்தில், பதினேழு பதினெட்டு வயதுடைய பிள்ளைகள் தொகுத்த மலர் இது. மலரின் பொருள் முழுதும் இவ்வொரு வினாவைச் சுற்றியே சுழல்கின்றது என்பது எம் கருத்து. அக்கருத்தை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலரை ஆராயுமுன் அதன் களத்தைச் சிறிது அறிதல் வேண்டும். 1941ஆம் ஆண்டு திசம்பர் 7ஆம் நாள் சப்பானியர் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கினர். 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூசுவெல்ட்டு 9066ஆம் எண்ணுள்ள ஆணையிற் கையொப்பமிட்டார். அவ்வாணையின் வாசகத்தில் எந்த இனத்தின் பெயரும் காணப்படவில்லை. எனினும் அதன் வழியாக, மேலைக் கடற்கரைப் பகுதியில் வாழ்ந்த சப்பானிய வழியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் தம் வீடும் கடையும் கழனியும் விட்டு அகற்றப்பட்டனர். அவருள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்காவிற் பிறந்த அமெரிக்கக் குடிமக்கள். இவர்களை அடைத்து வைக்கப் பத்து முகாம்கள் எழுந்தன. அவற்றுள் ஒன்றே மன்சனார். ‘ஆப்பிள் தோட்டம்’ எனப் பொருள்படும் இசுப்பானியச் சொல் அது. முன்னொரு காலத்தில் ஆங்குப் பழத்தோட்டங்கள் இருந்தன. ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் நீரை லாசு ஏஞ்சல்சு நகரம் 1913 முதல் கால்வாய் வழியே கொண்டு சென்றமையால் அவை அழிந்தன. எஞ்சியவை மணலும் காற்றும் பெயருமே. தார் பூசிய தாள் போர்த்த பலகைக் கொட்டகைகள் அம்மணலில் வரிசை வரிசையாக நின்றன. 20 அடி அகலமும் 25 அடி நீளமுமுடைய ஓர் அறையில் எட்டுப் பேர் வரை குடியிருத்தப்பட்டனர். ஒரு காலத்தில் 10,000க்கு மேற்பட்டோர் ஆங்கு வாழ்ந்தனர். சுற்றிலும் முள்வேலி, வேலியோரம் தேடொளி விளக்குகளுடன் எட்டுக் காவற் கோபுரங்கள். பள்ளி 1942ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் தொடங்கியபோது மாணவர்க்கு நாற்காலிகள் இல்லை. தரையில் அமர்ந்தே பாடங் கேட்டனர்.

இனி, அரசு இவர்களைக் குறித்து ஆண்ட மொழியையும் நோக்குதல் தகும். சிறைப்படுத்தல் ‘வெளியேற்றம்’ எனப்பட்டது. முகாம் ‘இடமாற்ற நிலையம்’ எனப்பட்டது. நம் இலக்கணிகள் தகுதி வழக்கினை மங்கலம், இடக்கரடக்கல், குழூஉக்குறி என மூன்றாக வகுப்பர். இறந்தாரைத் ‘துஞ்சினார்’ என்பது மங்கலம். அஃது இறந்தார்பாற் கொண்ட மதிப்பினாலும் கேட்போர்பாற் கொண்ட இரக்கத்தினாலும் எழுவது. சிறையை ‘நிலையம்’ என்பதோ சிறைப்பட்டார்க்கு இரங்கி எழுந்ததன்று. சிறை செய்தார் தம் நெஞ்சினைத் தாமே ஆற்றிக்கொள்ள எழுந்தது. இதனை மங்கலம் என்பதினும் மங்கலத்தின் போலி என்பதே பொருந்தும். இவற்றினும் கொடிய சொல்லாட்சி ஒன்று உண்டு. தெருக்களில் ஒட்டப்பட்ட வெளியேற்ற அறிவிப்புகள், சப்பானிய வழியினருள் ‘அயலாரும் அயலார் அல்லாதாரும்’ புறப்பட வேண்டும் எனப் பணித்தன. அயலார் அல்லாதார் யாவர்? குடிமக்கள் தாம். ‘குடிமகன்’ என்னும் சொல்லை வாயினாற் சொல்லிவிட்டால் அவனைச் சிறைப்படுத்தல் இயலாது. ஆகவே அவனை எதிர்மறையாற் குறித்தனர். உளப்படுத்த வேண்டிய ஒருவனை உளப்படுத்தாமலும், முற்றும் விலக்கமாட்டாமலும், இரண்டற்கும் இடையே நிறுத்தி வைத்த சொல் அது. மலரைத் தொகுத்த மாணவர் பெரும்பாலோர் இந்த ‘அல்லாதார்’ கூட்டத்தைச் சேர்ந்தவரே.

இத்தகைய களத்தில் எழுந்த மலரின் உள்ளடக்கத்தை, ‘ஃபேர்வெல் டு மன்சனார்’ என்னும் தன்வரலாற்று நூலில் சீன் வாகட்சுகி ஹூஸ்டன் எடுத்துரைத்துள்ளார். அவரும் அவர் கணவர் சேம்சு ஹூஸ்டனும் இணைந்தெழுதிய அந்நூல் 1973இல் வெளிவந்தது. ஆசிரியை சிறுமியாக அம்முகாமில் வாழ்ந்தவர். அவர் தரும் விவரத்தை அடியொற்றியே யாம் மலரின் பகுதிகளை ஈண்டு ஆராய்கின்றோம்.

அமெரிக்கப் பள்ளிகளின் ஆண்டு மலர், நம் கல்லூரிகள் வெளியிடும் மலரினின்று வேறுபட்டது. நம் மலர்களிற் கட்டுரையும் கவிதையும் சிறுகதையும் முதன்மை பெறும். நிழற்படங்கள் முன்னும் பின்னும் அணி செய்யும். அங்கோ நிழற்படமே நூல். இறுதி வகுப்பு மாணவர் ஒவ்வொருவர்க்கும் தனித்தனி உருவப்படமும் கீழே பெயரும், ஏனைய வகுப்புகட்குக் குழுப்படம், விளையாட்டு அணிகள், நாடகம், இசைக்குழு, ஆரவாரம் எழுப்பும் மகளிர் குழு எனப் பகுதிகள் ஒரு மரபாக அமைந்துவிட்டன. எந்த ஊர்ப் பள்ளியின் மலரை எடுத்தாலும் இவ்வமைப்பே காணப்படும். இது கற்பனைக்கு இடந்தராத வறட்டு வடிவம் என இலக்கியத் திறனாய்வாளர் ஒதுக்குவர். யாம் அங்ஙனம் கருதவில்லை. கட்டளைப்பட்ட வடிவங்களே சில வேளைகளிற் பெரும்பொருளைத் தாங்குவன. தலைவனும் தலைவியும் பெயர் சுட்டப்பெறாத அகத்திணை மரபினைப் பயின்ற நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மரபு மாறாமல் நிற்பதனாலேயே அதில் நிகழும் சிறு மாற்றமும் கற்றார் கண்ணுக்குப் பெரிதாகப் புலப்படும்.

மன்சனார் மலர் பெரும்பகுதியும் மரபினின்று வழுவாதது. கைநிறைய நூல்களைச் சுமந்து செல்லும் மாணவர், துள்ளிக் குதிக்கும் ஆரவார மகளிர், மிதிவண்டியில் அழகிய பெண்கள், ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வகுப்புப் படங்கள் என யாவும் உரிய முறையில் உள்ளன. பள்ளி நாடகத்தைப் பற்றிய குறிப்பும் உண்டு. ‘குரோயிங் பெயின்ஸ்’ என்னும் அந்நாடகம் மெக்கின்டயர் என்னும் குடும்பத்தினரைப் பற்றியது. வளரும் பருவத்துப் பிள்ளைகள் படும் தடுமாற்றமும் அவர்க்கு உதவ மாட்டாத பெற்றோரின் தவிப்பும் அதன் பொருள். இக்குடும்பத்தை, எங்கும் காணத்தகும் ஓர் அமெரிக்க இல்லம் என்றே மலர் அறிமுகம் செய்கின்றது. மேடையில் மெக்கின்டயராக வந்தோர் யாவரும் சப்பானியப் பெயருடைய மாணவர்.

இப்பகுதியைப் படிப்போர் இரு வகையாகப் பொருள் கொள்வர். முகாம் வாழ்வு அத்துணைக் கொடியதன்று என வாதிடுவோர், சிரிக்கும் முகங்களையும் நாடகத்தையும் ஆடலையும் சான்றாகக் காட்டுவர். இவர் வாதத்தை நெடிது மறுத்தல் வேண்டா. நாட்டின் பேரவை அமைத்த ஆய்வுக்குழுவே, இச்சிறைப்படுத்தலுக்குக் காரணம் இனவெறுப்பும் போர்க்கால வெறியும் அரசியல் தலைமையின் தவறுமே என 1983ஆம் ஆண்டு முடிவு கூறியது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் அரசின் மன்னிப்பையும், உயிருடன் இருந்தோர் ஒவ்வொருவர்க்கும் 20,000 டாலர் இழப்பீட்டையும் வழங்கியது. சிரித்த முகம் சிறையின் நன்மைக்குச் சான்றாகாது. சிரித்தவரின் திறனுக்கே சான்றாகும்.

மற்றொரு சாரார் இதற்கு நேர்மாறாக, மலரின் ஒவ்வொரு பக்கத்திலும் மறைவான எதிர்ப்பைத் தேடுவர். நாடகத்தில் எள்ளல் உண்டு. ஆரவாரத்தில் அங்கதம் உண்டு. ஏடு முழுவதும் குறிப்புமொழியே என்பர். இக்கொள்கை அன்பினால் எழுந்ததாயினும் ஏற்புடையதன்று. மாணவர் மெக்கின்டயர் குடும்பத்தை நடித்தது அமெரிக்கரை எள்ளுதற்கன்று. லாசு ஏஞ்சல்சு நகரத் தெருக்களிலேயே இருந்திருப்பினும் அவர்கள் அந்நாடகத்தையே நடித்திருப்பர். அவர்தம் இளமை அது. அவர்தம் மொழி அது. அவர் விரும்பியதைப் போலிமை என்று கூறுதல், அவரை அயலார் என்ற அரசின் கூற்றையே வேறொரு வாயிலாக நாமும் ஒப்புக்கொள்வதாய் முடியும். இவ்விடர் இப்பொருள் பற்றி எழுதுவோர் பலர்க்கும் நேர்வது.

எமது கருத்து இவ்விரண்டினும் வேறானது. மரபு வடிவத்தை வழுவாது கைக்கொண்டமையே இம்மலரின் உரிமைக் கூற்றாகும். ‘அமெரிக்கப் பள்ளி மாணவர் செய்வன யாவற்றையும் யாமும் செய்தோம், இதோ ஏடு’ என வடிவமே பேசுகின்றது. நாடகமும் ஆரவாரமும் உருவப்படமும் ‘நம் உலகம்’ என்னும் உளப்பாட்டுக்குரிய பக்கங்கள். ஆனால் மரபு வழுவும் இடங்கள் மூன்று உள. அம்மூன்றிலுமே மலர் நூலாக உயர்கின்றது.

முதலாவது, இறுதி வகுப்பு மாணவரின் உருவப்படப் பகுதி. மரபுப்படி ஒருவர் பெயருக்குப் பின் அவர் பங்குகொண்ட கழகமும் விளையாட்டும் வரும். இம்மலரிலோ பெயரை அடுத்து, வெளியுலகில் இருந்திருப்பின் அவர் எப்பள்ளியில் தேர்ச்சி பெற்றிருப்பாரோ அப்பள்ளியின் பெயர் வருகின்றது. தியடோர் ரூசுவெல்ட்டு, தாமசு செப்பர்சன், எர்பர்ட்டு ஊவர், சேக்ரட் ஆர்ட்டு எனப் பெயர்கள் தொடர்கின்றன. வேறு விளக்கம் ஏதும் வேண்டப்படவில்லை.

சங்கத் தொகைகளிற் புலவர் பெயரோடு ஊர்ப்பெயர் சேர்ந்து வருதலை நாம் அறிவோம். ஒக்கூர் மாசாத்தியார், கோவூர் கிழார் என்றாற் போல்வன அவை. ஆங்கு ஊர்ப்பெயர், இவர் இன்ன இடத்தார் என்னும் உரிமையை நிலைநாட்டும். மன்சனார் மலரிலோ, அப்பெயர் மாணவர் இல்லாத இடத்தைக் குறிக்கின்றது. அவர் அமர்ந்திருக்க வேண்டிய இருக்கை எங்கே வெறுமையாக உள்ளது என்பதை அது காட்டும். தாம் பயின்ற பள்ளியை அவர்கள் மறைக்கவில்லை. மலரே மன்சனார்ப் பள்ளியின் பெயரால் வெளிவந்தது. ஒருவர்க்கு இரு பள்ளிகள். ஒன்று உள்ள பள்ளி, மற்றொன்று உரிய பள்ளி. இரண்டையும் ஒருங்கு அச்சிட்டமையால் இடையே நின்ற முள்வேலி எழுத்தில்லாமலே எழுதப்பட்டு விடுகின்றது. அப்பள்ளிகள் தாங்கிய பெயர்களையும் நோக்குக. செப்பர்சன் அந்நாட்டு விடுதலை அறிக்கையை வரைந்த பெருமகன். ஊவர் முன்னாட் குடியரசுத் தலைவர். தியடோர் ரூசுவெல்ட்டோ, 9066ஆம் ஆணையிற் கையொப்பமிட்டவரின் குடிப்பெயரையே உடையவர். மாணவர் இதனைக் கருதி எழுதினர் என யாம் கூறோம். அவை அவர் பள்ளிகளின் இயற்பெயர்கள், அவ்வளவே. ஆயினும் பெயரைப் பெயராக எழுதியதனாலேயே இத்துணை முரண் தோன்றுமாயின், அம்முரண் மாணவர் படைத்ததன்று; நாடு படைத்தது.

படர்க்கையாரை உளப்படுத்தும் எம், ஏம் ஈறுகள் ஈண்டு நினைவுக்கு வருகின்றன. அப்பட்டியல், அருகில் இல்லாத தோழரை, ரூசுவெல்ட்டுப் பள்ளியிலும் செப்பர்சன் பள்ளியிலும் அதே ஆண்டு தேர்ச்சி பெற்றுச் செல்லும் பழைய வகுப்பினரை, ‘எம்மவர்’ என உளப்படுத்திக் கொள்கின்றது. அத்தோழர் தம் பள்ளி மலர்களில் இவர்களை உளப்படுத்திக் கொண்டனரா என்பது தனி ஆராய்ச்சிக்குரியது. தானே விரும்பி உளப்பட்டவன் ஒருவன் மட்டும் உண்டு. ரால்ஃபு லாசோ என்னும் அவ்விளைஞன் மெக்சிகோவும் அயர்லாந்தும் கலந்த மரபினன். சப்பானியக் குருதி ஒரு துளியும் இல்லாதவன். லாசு ஏஞ்சல்சு நகரப் பெல்மாண்டு பள்ளியில் உடன்பயின்ற நண்பர்கள் சிறைப்படுத்தப்பட்டபோது அவனும் அவர்களுடன் மன்சனார் சென்று தங்கினான். ஆங்கே வகுப்புத் தலைவனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1944இல் தேர்ச்சி பெற்றான். அதே ஆண்டிற் படையில் சேர்க்கப்பட்டுப் பசிபிக்குப் போர்முனையிற் பணிபுரிந்தான். ஓர் இடைச்சொல்லையும் மாற்றாமல் ‘எங்கள்’ என்பதை ‘நம்’ என்பதாக்கிய செயல் அவனுடையது. அம்மலருக்குரிய வகுப்பினருள் அவனும் ஒருவன் என்பதை மறத்தல் ஆகாது.

மரபு வழுவும் இரண்டாவது இடம், மலர் பள்ளியின் எல்லையைக் கடத்தலாகும். பள்ளி மலரிற் பள்ளியே பொருளாதல் வேண்டும். இதிலோ கொழுத்த கோழிகள் நிறைந்த பண்ணையும், பல் மருத்துவரின் நாற்காலியிற் சாய்ந்து கிடக்கும் நோயாளரும், கொடிகளில் உலரும் துணிகளும் இடம்பெறுகின்றன. இவை ஒழுங்கற்ற சேர்க்கைகள் எனத் தோன்றக்கூடும். அன்று; தலைப்பு ‘உலகம்’ என்றிருத்தலை நினைக. வெளியூர்ப் பள்ளியின் மாணவன் பள்ளி வாயிலைக் கடந்தால் தன் நகரை அடைகின்றான். மன்சனார் மாணவனுக்கு வாயிலுக்கு அப்பாலும் அதே கொட்டகை, அதே மணல், அதே வேலி. பள்ளி முடியும் இடமும் ஊர் தொடங்கும் இடமும் அவனுக்கு வேறல்ல. ஆகலின் முகாம் முழுதுமே அவன் பள்ளி மலருக்குரிய பொருளாயிற்று. உலர் துணியின் படத்தை யாம் குறிப்பாகச் சுட்ட விரும்புகின்றோம். தனிக்குளியலறையோ தனிச் சமையலறையோ இல்லாது, உணவும் நீராட்டும் துணி வெளுத்தலும் பொதுக் கொட்டகைகளிலேயே நடந்த வாழ்வில், ஒரு குடும்பத்தைக் குடும்பமாகக் காட்டவல்ல பொருள்கள் மிகச் சில. கொடியிற் கிடக்கும் துணி அச்சிலவற்றுள் ஒன்று.

மூன்றாவதே மிகவும் சிறப்புடையது. மலரின் முடிவில் இரு பெரிய படங்கள் உள்ளன. முதற் படத்தில், சியரா மலைப் பின்னணியில் தேடொளி விளக்குடன் ஓங்கி நிற்கும் காவற் கோபுரம். அடுத்து, ஈரேடும் நிரம்ப விரிந்த மற்றொரு படம். குளிர்காலம். இலையுதிர்ந்த எல்மு மரங்களின் வரிசை. வெண்கற்கள் கரை கட்டிய ஒரு வளைந்த பாதை. தோட்ட உடையணிந்த மூதாட்டி ஒருத்தி அதில் நடந்து செல்கின்றாள். இரு நாய்கள் அவளைப் பின்தொடர்கின்றன. பனி மூடிய மலைகளின் கீழே அவள் மிகச் சிறிய உருவமாகத் தோன்றுகின்றாள். அப்பாதை முகாமின் ஓர் எல்லையை நோக்கிச் செல்வது என்றும், வேலி கண்ணுக்குப் புலப்படவில்லை என்றும் ஹூஸ்டன் குறிப்பிடுகின்றார். அம்மூதாட்டி அமைதியுற்றவளாகவே அவர்க்குத் தோன்றுகின்றாள். அக்காட்சி வெறுமையும் ஆறுதலும் ஒருங்கு தருவதாக அவர் உணர்கின்றார்.

இவ்விடத்து ஹூஸ்டனொடு யாம் ஓரளவே உடன்படுகின்றோம். மூதாட்டியின் படத்தை மட்டும் தனியே நோக்கின் அவர் கூறும் அமைதி பொருந்தும். ஆனால் அது தனியே வைக்கப்பட்ட படமன்று. கோபுரத்தின் பின் வைக்கப்பட்டது. தொகை நூலாசிரியனின் புலமை பாடுவதில் இல்லை. வைப்பு முறையில் உள்ளது. முன்னர்க் கண்ட கோபுரத்தின் ஒளி, ஏட்டைப் புரட்டிய பின்னும் படிப்போன் கண்ணை விட்டு அகலாது. மூதாட்டியின் படத்திற் கோபுரம் இல்லை. ஆயினும் அவள் நடக்கும் பாதை அதன் பார்வைக்குள் அடங்கியது என்பதை நாம் முன்பே அறிந்துவிட்டோம். கருப்பொருளின் புறத்தே குறிப்பாற் பெறப்படும் பொருளை இறைச்சி என நம் முன்னோர் வகுத்தனர். மரமும் மலையும் நாயும் கருப்பொருள். சொல்லப்படாத வேலி இறைச்சி. அது ‘புலப்படவில்லை’ என்பது குறையன்று. புலப்படாமலே புலப்படுமாறு வைத்தல்தான் ஈண்டுள்ள கலை.

கோபுரம் அச்சேறியதன் அருமையை உணர வேண்டின், அக்காலத்து முகாமைப் படம் பிடித்த பிறரோடு ஒப்பிட்டு நோக்க வேண்டும். புகழ் வாய்ந்த நிழற்படக் கலைஞர் டாரத்தியா லாங்கு 1942இல் அரசுப் பணியாக மன்சனாருக்கு வந்தார். அவர் எடுத்த படங்களை அரசு போர்க்காலத்தில் வெளிவராமல் முடக்கியது. 1943இன் இறுதி முதல் அன்செல் ஆடம்சு பலமுறை வந்தார். அவர் படங்கள் 1944இல் ‘பார்ன் ஃபிரீ அண்டு ஈக்குவல்’ என நூலாயின. கோபுரத்தையும் முள்வேலியையும் படைக்கலம் தாங்கிய காவலரையும் படம் பிடித்தல் இவ்விருவர்க்கும் விலக்கப்பட்டிருந்தது. ஆடம்சின் நூல் முகங்களையும் மலைகளையும் அழகுறக் காட்டும், கோபுரத்தைக் காட்டாது. பெருங்கலைஞர்க்கு மறுக்கப்பட்ட படத்தை, சிறைப்பட்டோர் தம் பள்ளி மலரின் இறுதியில் முழுப் பக்க அளவில் வைத்தனர்.

அதனை இயலச் செய்தவர் டோயோ மியாடகே. 1895இற் சப்பானிற் பிறந்து, 1909இல் அமெரிக்கா வந்து, லாசு ஏஞ்சல்சு நகரில் நிழற்படக் கூடம் நடத்தியவர். சப்பானிய வழியினர் ஒளிப்படக் கருவி வைத்திருத்தல் தடுக்கப்பட்ட காலத்தில், ஒரு வில்லையை மறைத்துக் கொண்டுவந்து, முகாமிலேயே மரப்பலகையாற் பெட்டி செய்து கருவியாக்கிக் கொண்டார். பின்னர் முகாம் இயக்குநர் இரால்ஃபு மெரிட்டு அவர்க்கு இசைவளித்தார். முதலிற் சில காலம் ஒரு வெள்ளையரே கருவியின் விசையை அழுத்த வேண்டும் என்பது விதி. கண் ஒருவருடையது, விரல் மற்றொருவருடையது. நாளடைவில் அவ்விதியும் கைவிடப்பட்டது. மலரின் படங்கள் அக்கண்ணாற் காணப்பட்டவை.

தொகுத்தோர், தொகுப்பித்தோர் என இருவரையும் நம் பழந்தொகைகள் பிரித்துக் கூறும். மன்சனாரிலும் இருவர் உண்டு. தொகுத்தோர் மாணவர். தொகுப்பித்தோர் முகாம் ஆட்சியினர். அவர் இசைவின்றி அங்கு எதுவும் அச்சேறாது. 1942 ஏப்ரல் 11ஆம் நாள் தொடங்கிய முகாம் செய்தித்தாளுக்கு ‘மன்சனார் ஃபிரீ பிரெசு’ என்று பெயர். ‘உரிமை இதழ்’ என்ற பெயருடைய அது ஆட்சியினரின் மேற்பார்வையிலேயே வெளிவந்தது. செய்தித்தாளில் ஆட்சியினரின் கண் ஒவ்வொரு தொடரையும் தொடர்ந்தது. படிக்கும் கண்ணுக்குத் தொடரில் உள்ள பொருள் எளிதிற் புலனாகும். இரு படங்களுக்கு இடையே உள்ள பொருள் எளிதிற் புலனாகாது. செய்தித்தாளினும் மலர் மிகுதியாகப் பேச முடிந்தமைக்கு இதுவே காரணம் எனக் கருதுகின்றோம். எனினும் அச்செய்தித்தாளின் பயிற்சி வீண்போகவில்லை. அதன் ஆசிரியப் பொறுப்பில் இருந்த சூ குனிடோமி எம்பிரே, பிற்காலத்தில் மன்சனார் நினைவைக் காக்கும் குழுவின் தலைமையேற்று உழைத்தார். 1992இல் அவ்விடம் தேசிய வரலாற்றிடமாக அறிவிக்கப்பட்டதில் அவர்க்குப் பெரும் பங்குண்டு.

மலர் வெளிவந்த ஆண்டினையும் கருத்திற் கொள்ள வேண்டும். 1943ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பதினேழு வயதினை எய்திய ஒவ்வொருவரிடமும் நாட்டுப்பற்று வினாத்தாள் நீட்டப்பட்டது. படையிற் சேர்வாயா என ஒரு வினா. சப்பானியப் பேரரசர்க்குரிய பற்றினைத் துறப்பாயா என மற்றொரு வினா. ஒருபோதும் கொள்ளாத பற்றினை எங்ஙனம் துறப்பது? 1944 சனவரியில் இவ்விளைஞர்கட்குக் கட்டாயப் படைச்சேர்ப்பு விரிவாக்கப்பட்டது. மலரில் உருவப்படம் வந்த இளைஞன் வேலிக்கு வெளியே செல்லும் முதல் வழி போர்க்களமாகவும் அமையலாயிற்று. அரசு அவனை நோக்கி ‘நம் படை’ என்றது. அவன் தாயையும் தங்கையையும் நோக்கி அச்சொல்லைச் சொல்லவில்லை. உளப்பாடு இவ்வாறு ஒரே குடும்பத்தின் நடுவே பிளந்து நின்ற ஆண்டில் ‘ஔவர் வேர்ல்டு’ என்ற தலைப்பு இடப்பட்டது. ஆங்கிலத்தின் குறைபாடாக நாம் முதலிற் கண்ட இருபொருள் நிலை, அம்மாணவர்க்கு வாய்த்த ஒரு புகலிடம் என்று இப்போது தெளிகின்றது. தமிழில் எழுதியிருப்பின் அவர்கள் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். ஆங்கிலம் இரண்டையும் ஒருங்கே சொல்ல இடங்கொடுத்தது.

இதற்கு அடுத்த ஆண்டு மலரை ஒப்புநோக்கின் இம்மலரின் தகுதி மேலும் விளங்கும். 1945ஆம் ஆண்டு மலரின் பெயர் ‘வாலடிக்சன்’, அஃதாவது விடைபெறுதல். அதற்கென மியாடகே எடுத்த படம் பெரும்புகழ் பெற்றது. முள்வேலிக் கம்பியை வெட்டும் இடுக்கியைப் பற்றிய ஒரு கை. பின்னே காவற் கோபுரம். அக்கை மியாடகேயின் மகனுடையது. இப்படத்தையே பலரும் எடுத்துக்காட்டிப் போற்றுவர். ஆற்றல் மிக்க படம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் 1944 திசம்பரிலேயே மேலைக் கடற்கரைத் தடை நீக்கம் அறிவிக்கப்பட்டு, உச்ச நீதிமன்றமும் பற்றுடைய குடிமக்களை அடைத்து வைத்தல் தகாதெனத் தீர்ப்பளித்துவிட்டது. கதவு திறக்கத் தொடங்கிய பின் வேலியை வெட்டும் கை அது. அதன் பொருள் முழுதும் அதன் மேற்பரப்பிலேயே உள்ளது. ஒருமுறை கண்டார்க்கு மறுமுறை காணப் புதிதாக ஒன்றுமில்லை. கதவு அடைத்திருந்த காலத்தில் வைக்கப்பட்ட மூதாட்டியின் படமோ, காணுந்தோறும் வேறொன்றை உணர்த்தி நிற்கின்றது. இவ்விரண்டனுள் எது சிறந்தது என எம்மை வினவின், தயக்கமின்றி முந்தியதையே கூறுவோம்.

பிற முகாம்களிலும் பள்ளி மலர்கள் வெளிவந்தன. டோபாசு முகாமில் ‘இராம்ப்ளிங்சு’, ஆர்ட்டு மவுண்டனில் ‘டெம்போ’, மினிடோகாவில் ‘மெமாயர்சு’, டூலி லேக்கில் ‘அக்விலா’ என்பன அவை. இவற்றுள் ‘அக்விலா’ தனித்து ஆராயத்தக்கது. அச்சொல் கழுகினைக் குறிக்கும் இலத்தீன் சொல். கழுகோ அமெரிக்க நாட்டின் சின்னம். வினாத்தாளுக்கு ‘இல்லை’ என விடையிறுத்தோரை 1943இற் பிரித்துக் கொண்டுசென்று வைத்த முகாம் டூலி லேக்கு. அங்கிருந்த மாணவர் தம் மலர்க்குக் கழுகின் பெயரைத் தாங்கி நின்றபோது உளப்பாடு எத்திசை நோக்கிச் சென்றது என்பதை, அம்மலரின் பக்க வைப்பினையும் பெயர்ப் பட்டியலையும் மன்சனார் மலரொடு ஒப்பிட்டே காணுதல் வேண்டும்.